கொல்லிமலைக்கு நான் மெடல் கொண்டுபோன கதை

இசைத்தட்டின் உறைமேல் பாடுகிறவர் முகத்தை அச்சடிக்கும் வழக்கத்தை ஆரம்பித்து வைத்த புண்ணியவான் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பேன். முகத்தைப் பார்த்த பிறகு நம் ஆட்களுக்குக் காது கேட்பதில்லை.

நீங்கள் இப்போதுதான் பாட்டு விமர்சனம் எழுத வந்திருக்கிறீர்கள். அதற்குள் பரிசுக் குழுக்களில் உட்காரவும் கூப்பிடுகிறார்களாமே, சந்தோஷம். நானும் வெகுகாலம் அந்த நாற்காலிகளைத் தேய்த்தவன்தான். பத்தியை எப்படி ஆரம்பிப்பது, எத்தனை வரியில் முடிப்பது என்பதையெல்லாம் உங்கள் ஆசிரியர்கள் சொல்லிக்கொடுப்பார்கள், அதற்கு இந்தக் கிழவன் வேண்டியதில்லை. என்னிடம் இருப்பது ஒரு மெடலின் கதை. அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

யுத்தத்துக்கு முந்தைய காலம். சென்னையில் ஒரு வாரப் பத்திரிகையில் இருந்தேன். இராசிபுரம் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை நான். வாயைத் திறந்தால் ஆபீசே சிரிக்கும். நான் ‘என்னுங்க’ என்று ஒரு தடவை சொன்னால் போதும், அச்சுக் கோக்கிறவர்கள்கூட அன்று பூராவும் ஒருவரை ஒருவர் ‘ஏனுங்க, என்னுங்க’ என்று கூப்பிட்டுக் கும்மாளம் போடுவார்கள். ஆசிரியர் மட்டும் சிரிக்க மாட்டார். அவருக்குச் சிரிக்கவே தெரியாது என்பது வேறு விஷயம்.

மாதாமாதம் வரும் புதுத் தட்டுகளை அவர்தான் என்னிடம் கொடுப்பார். கொடுக்கும் முன் தட்டின் நடுவிலுள்ள வட்டச் சீட்டின்மேல் பழுப்புக் காகிதத்தை ஒட்டிவிடுவார். பாடியது யார், எந்த ஊர், என்ன ஜாதி, பாகவதரா நாடகக்காரியா, ஒன்றும் தெரியாது. கேட்டு, எழுதி, நீட்டிய பிறகுதான் காகிதத்தை உரிப்பார். “இப்ப திருத்தணும்னு தோணறதா?” என்பார். தோன்றாமல் இருக்குமா! மகா வித்வான் ஒருவருடைய தட்டை ‘தொண்டை கட்டியிருக்கிறது’ என்று எழுதித் தொலைத்திருப்பேன். “தோணுது சார்” என்றால், “தோணட்டும், திருத்தாதே” என்று வாங்கிக்கொண்டு போய்விடுவார். மகா வித்வான்கள் ஆபீசுக்கு வந்து சத்தம் போட்டதெல்லாம் தனிக் கதை.

அப்படி ஒரு நாள் காகிதம் ஒட்டிய தட்டில் ஒரு பெண் பாடினாள். தினைக்காட்டுக்குக் காவலுக்குப் போன புருஷன் வீடு வந்து சேரவில்லை, அவனை வைகிறாள். வைதல் என்றால் அப்படி ஒரு வைதல்! கேட்டால் நமக்கே யாராவது இப்படித் திட்ட மாட்டார்களா என்று இருக்கும். கம்பெனிக்காரர்கள் பக்கத்தில் ஓர் ஆர்மோனியத்தை உட்காரவைத்திருந்தார்கள். ஆர்மோனியக்காரர் ஓடி ஓடிப் பிடிக்கப் பார்க்கிறார், அவள் அகப்படுகிறாளில்லை. ‘பாடிப் பழகிய குரல், ஆர்மோனியத்துக்கு ஓய்வு கொடுக்கவும்’ என்று எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் காகிதத்தை உரித்தார். ‘மலைஜாதிப் பாட்டு. கொல்லிமலை பாவாயி’ என்று இருந்தது. சேந்தமங்கலம் சந்தைக்கு மிளகு கொண்டுவந்தவளைப் பாடச் சொல்லிக் கேட்டு, சேலத்தில் வைத்துத் தட்டு எடுத்திருக்கிறார்கள். நான் பிறந்த வீட்டு வாசலில் நின்றால் தெரிகிற மலை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

தட்டு சக்கைப்போடு போட்டது. சேலம், நாமக்கல் பக்கம் எந்தக் காப்பிக் கிளப்புக்குள் நுழைந்தாலும் பாவாயி யாரோ ஒருத்தர் புருஷனை வைதுகொண்டிருந்தாள்.

அந்த வருஷம்தான் தட்டு வியாபாரிகளும் கம்பெனியும் சேர்ந்து, ஜனங்கள் விரும்பிக் கேட்ட தட்டுகளில் சிறந்ததற்குத் தங்க மெடல் என்று அறிவித்தார்கள். தீர்ப்புச் சொல்ல மூன்று பேர். ஒருவர் கம்பெனி மேனேஜர், வெள்ளைக்காரர். நாங்கள் துரை என்போம். இன்னொருவர் ராவ்சாகிப் பட்டம் வாங்கியவர், ஒரு சபாவின் காரியதரிசி. மூன்றாவது நான். ஆசிரியர் போக வேண்டியது, அவருக்கு வயிற்றுவலி.

நான் எல்லாத் தட்டுகளின் மேலும் காகிதம் ஒட்டிக்கொண்டு போனேன். துரை வேடிக்கை என்று சிரித்தார். ராவ்சாகிப், “எனக்கு எதுக்கய்யா இந்தப் பரீட்சை?” என்று சலித்துக்கொண்டாலும் சம்மதித்தார். பாவாயி தட்டு சுழன்றபோது ராவ்சாகிப்பின் கை தொடையில் தாளம் போட்டது. கண்ணை மூடிக்கொண்டார். “பேஷ்! யார் இது? தஞ்சாவூர்ப் பக்கமா? காம்போதியைத் தொட்டும் தொடாமலும் என்ன அழகாப் போறா!” என்றார். துரையோ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். 

காகிதத்தை உரித்தேன்.

ராவ்சாகிப்பின் கை தொடையிலிருந்து எழுந்து சட்டைப் பைக்குள் போய்விட்டது. “மலைஜாதியா? அதான் பார்த்தேன். ராகம்னு ஒண்ணும் நிக்கலையே” என்றார். துரை அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். “மலைவாசியா! நாகரிகம் தொடாத குரல்! என்ன இயற்கை!” என்று ஆங்கிலத்தில் உருகினார். பாருங்கள், ஒரே காகிதம்தான் உரிந்தது. ஒருவருக்குப் பாட்டு கெட்டுப்போயிற்று, இன்னொருவருக்கு நன்றாகிவிட்டது. பாவாயி மட்டும் அதே மாதிரிதான் பாடியிருந்தாள்.

நான் பாவாயிக்கு என்றேன். அவர்கள் இருவரும் ஒரு நாடக நடிகையின் தட்டுக்கு என்றார்கள், உருகிய துரைக்கும் கடைசியில் விற்பனைக் கணக்குத்தான் பெரிதாகப் போயிற்று. குறத்தி வேஷம் கட்டி, மலைப்பாட்டு என்று அந்த அம்மாள் ஒன்று பாடியிருந்தார். கெட்டிக்கார அம்மாள், அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மலையே பாடும்போது மலைவேஷத்துக்கு மெடலா என்று கத்தினேன். கத்தி என்ன? இரண்டுக்கு ஒன்று. துரைக்கு மனசு கேட்காமல், பாவாயிக்கு ‘விசேஷ மெடல்’ ஒன்று தரலாம் என்றார். அதற்கு மட்டும் ராவ்சாகிப் உடனே தலையாட்டினார். “அவளை மெட்ராஸுக்கு வரவழைக்க வேணாம், பாவம் சிரமம். நீர் அந்தப் பக்கத்து ஆள்தானே, கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துடுமே” என்று என் பக்கம் திரும்பினார்.

தோற்றவன் தலையிலேயே சுமையை வைத்தார்கள். ஆனால் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். அந்தக் குரலின் சொந்தக்காரியைப் பார்க்கலாமே!

சேலத்துத் தட்டுக் கடையில் அரக்கு முத்திரை வைத்த பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார்கள். எல்லோர் முன்னிலையிலும்தான் பிரிக்க வேண்டும் என்பது துரையின் உத்தரவு. காரவள்ளி அடிவாரத்தில் பாவாயியின் அண்ணன் சடையன் எனக்காகக் காத்திருந்தார். அப்போது ரோடு கிடையாது, ஏறித்தான் போக வேண்டும். நான் நாலு எட்டு வைத்துவிட்டு மூச்சு வாங்க நிற்பேன். சடையன் என் கிராமபோன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, எனக்காக நின்று நின்று காலே வலித்துவிட்டது என்று குறைபட்டுக்கொண்டார். “ஏனுங்க, பத்திரிகைல இருக்கறவுங்க நடக்கவே மாட்டாங்களா?” என்று வேறு கேட்டார்.

ஆலத்தூர் நாட்டில் அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தபோது அம்மன் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, வீடுகளை மெழுகிக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் ஒரு பெண் குழந்தையுடன், கையெல்லாம் சாணியாக ஒருத்தி வந்தாள். என்னைவிட இளையவள். வாங்க என்று சொல்லவில்லை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை.

“மெடலு எங்கீங்க?” என்றாள்.

அதுதான் பாவாயி. பேசினாலும் அந்தக் குரல்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் ஊர் பூராவும் சொல்லி வைத்திருந்தாள். மெடலைக் கோக்க அவள் புருஷன் நூல்கயிறு முறுக்கி, மஞ்சள் தடவி வைத்திருந்தான். பாட்டில் வருகிற மாதிரி வீடு வந்து சேராத ஆளெல்லாம் இல்லை அவன், பரம சாது. நோம்பியன்று அம்மன் முன்னால் முதல் குரல் எடுத்துப் பாடுகிறவள் பாவாயிதான். அவள் எடுத்தால்தான் மற்றப் பெண்கள் ஏற்றுப் பாடுவார்கள். மெடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முதல் குரல் எடுக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதை மறைக்கவும் இல்லை. “நானு தூங்கியே எத்தனையோ நாளாச்சுங்க சாமி” என்றாள்.

பலாமரத்தடியில் ஊர் கூடிவிட்டது. அந்த மலையில் பல ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு, நாட்டுக்குத் தலைவரைப் பட்டக்காரர் என்பார்கள். அவரும் வந்து கல்லின்மேல் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். தானும் ஒரு பாட்டுக்காரர் என்ற நினைப்பு அவருக்கு உண்டு. அவருடைய தங்கை செல்லம்தான் முன்பு முதல் குரல் எடுத்தவள். பாவாயி வாயைத் திறந்த பிறகு செல்லத்தை யாரும் கூப்பிடவில்லை. இதெல்லாம் சடையன் வழியிலேயே சொல்லிவிட்டார்.

பொட்டலத்தைப் பிரித்தேன். மேலே கம்பெனியின் புதுக் கேட்லாக் இருந்தது, அடியில் சின்ன மெடல் பெட்டி. அட்டையிலேயே பாவாயி படம், கலரில். சேலத்தில் எடுத்த போட்டோவை வைத்துக்கொண்டு கம்பெனிச் சித்திரக்காரர் தன் கைவரிசையைக் காட்டியிருந்தார். குறத்தி வேஷ நடிகையின் படமும் அவர் கண்முன் இருந்திருக்க வேண்டும். பாவாயியின் கழுத்தில் பாசிமணி, கையில் கூடை. நெற்றியிலும் கன்னத்திலும் மோவாயிலும் பச்சை குத்திய புள்ளிகள். கை நெடுகப் பச்சைக் கொடி.

பாவாயி குழந்தையைக் கீழே இறக்கிவிட்டாள். சாணிக் கையாலேயே தன் மோவாயைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

கொல்லிமலைக்காரர்கள் பச்சை குத்திக்கொள்ள மாட்டார்கள். அது அவர்களுக்குள் கட்டுப்பாடு. பக்கத்து மலைக்காரர்கள் குத்திக்கொள்வார்கள், இவர்கள் கூடாது. குத்திக்கொண்ட பெண் அம்மன் முன்னால் நிற்க முடியாது. அவள் வீட்டில் பெண் எடுக்க, பெண் கொடுக்க யோசிப்பார்கள். சித்திரக்காரருக்கு இதெல்லாம் என்ன தெரியும்? மலை என்றால் ஒரே மலை, பச்சை என்றால் அழகு. நாலு புள்ளி வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போயிருப்பார்.

“எம்மூஞ்சில ஒண்ணும் இல்லீங்களே! எல்லாரும் பாருங்க!” என்று பாவாயி சுற்றிச் சுற்றிக் காட்டினாள். இல்லைதான், எல்லோருக்கும் தெரிகிறது. பட்டக்காரர் விடவில்லை.

“உம்மூஞ்சி எங்களுக்குத் தெரியும் கண்ணு. கீழ்நாட்டுக்காரனுக்குத் தெரியுமா? ஊரு ஊருக்கு இந்தப் படந்தான் போகுது. கொல்லிமலைப் பொண்ணு பச்சை குத்திக்கிட்டாளாம்னு சந்தைல கேப்பான். நாம என்ன பதில் சொல்றது?” என்றார். “அம்மன் கோயிலு முன்னால காலைல கூடுவோம். அதுவரைக்கும் அந்த மெடலுப் பொட்டியத் தொறக்க வேண்டாமுங்க” என்று என்னிடமும் சொல்லிவிட்டு எழுந்தார். தங்கை செல்லம் கூட்டத்தின் பின்னால் நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டதை நான் பார்த்தேன்.

மறுநாள் காலை கோயில் முன்னால் நாடே வந்திருந்தது. முதலில் தட்டைப் போடச் சொன்னார்கள். சாவி கொடுத்து ஊசியை வைத்தேன். பாவாயி புருஷனை வைதாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், நிஜப் புருஷன் தலையைக் குனிந்துகொண்டான். பட்டக்காரர்கூட ஓரிடத்தில் தலையசைத்துவிட்டு, உடனே நிறுத்திக்கொண்டார். தட்டு முடிந்தது. அவர் சின்ன மெடல் பெட்டியை வாங்கித் திறந்தார். தங்க முலாம் பளபளத்தது. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, எழுத்தைத் தடவினார்.

“இதுல இங்கிலீசுல என்னமோ வெட்டியிருக்குதுங்களே. படத்துல பண்ணுனது கிறுக்குத்தனம்னே வெச்சுக்குவோம். இந்த மெடலு எதுக்கு? பாட்டுக்குன்னு எழுதியிருந்தா அவ வாங்கிப் போட்டுக்கட்டும், நாளைக்கு நோம்பிலயும் பாடட்டும். அந்தப் படத்துல இருக்கறவளுக்குன்னு எழுதியிருந்தா, அந்தப் பச்சையும் அவ பேருல ஒட்டுனதுதான, இந்த வருசம் செல்லம் பாடட்டும். நீங்க படிச்சவுங்க. அம்மன் முன்னால நின்னு படிச்சுச் சொல்லுங்க” என்று என்னிடம் நீட்டினார்.

நானும் அப்போதுதான் அதைப் பார்க்கிறேன். ‘காட்டு ஜனங்களில் இனிய குரலுக்கு’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. பாட்டு என்ற சொல் இல்லை. பாவாயி என்ற பேரும் இல்லை.

பிள்ளைகளா, பரிசுக் குழுக்களில் நான் எவ்வளவோ சண்டை போட்டிருக்கிறேன். மந்திரி வீட்டு மாப்பிள்ளைக்கு மெடல் இல்லை என்று சொன்னதுண்டு, கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுந்து வந்ததுண்டு. அதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரிந்ததே இல்லை. அந்தக் கோயில் வாசலில் நின்ற கொஞ்ச நேரம்தான் பெரிதாகத் தெரிகிறது. அங்கே இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன். ‘சிறந்த பாட்டுக்காக, பாவாயிக்கு’ என்று வாசித்துவிட்டால் மெடலும் அவளுக்கு, நோம்பியும் அவளுக்கு. ஒருத்தருக்கும் நஷ்டமில்லை. உள்ளதை வாசித்தால் இரண்டுமே போகலாம். பாவாயி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். மஞ்சள் தடவிய நூல்கயிறு அவள் கையில் இருந்தது. அவள் காலைக் கட்டிக்கொண்டு அந்தச் சின்னப் பெண் என்னை அண்ணாந்து பார்த்தது.

அந்தக் குழந்தையைப் பார்த்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. இது நாளைக்குப் பள்ளிக்கூடம் போகாது என்று யார் கண்டது? ஒரு நாள் பெட்டியைத் திறந்து, அம்மாவின் மெடலைத் திருப்பி, எழுத்துக்கூட்டி வாசிக்கும். சந்தையில் எவனாவது வாசித்துவிட்டுச் சிரிப்பான். அன்றைக்குப் பாவாயிக்குச் சமாதானம் சொல்ல நான் பக்கத்தில் இருப்பேனா?

வாசித்தேன். உள்ளது உள்ளபடி, தமிழில், சத்தமாக.

முதலில் யாருக்கும் புரியவில்லை. “காட்டு ஜனம்னா?” என்று ஒரு கிழவர் கேட்டார். “காட்டிலே திரிகிறவர்கள், நாகரிகம் இல்லாதவர்கள் என்ற அர்த்தத்தில் எழுதியிருக்கிறார்கள்” என்றேன். அப்புறம் கிளம்பியது பாருங்கள் சத்தம்! நான் ஓடுவதற்கு வழி எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டேன். எல்லோரையும் மீறிக் கத்தியவர் பட்டக்காரர்.

“நாங்க காட்டு ஜனமா? கீழ்நாட்டுல இருந்து வந்து, கல்லப் பேத்து, வயலு கட்டி வெள்ளாமை பண்றவுகடா நாங்க! சாமை, தினை, மொளகு, நெல்லுன்னு வெளைய வெச்சு உங்க சந்தைக்கு நாங்க அனுப்பறம், எங்களயா காட்டு ஜனம்ங்கறான்? எவன் அவன்?” என்று மேல்துண்டை உதறினார். நான் எவனுமில்லை என்பது போல் முகத்தை வைத்துக்கொண்டேன். அவர் பாவாயியிடம் திரும்பினார். “கண்ணு, இந்த மெடலு நமக்கு வேண்டாம், அவனுக்கே போகட்டும். நாளைக்கு நீதான் மொதக் கொரலு. எங்கூட்டுப் பொண்ண இப்படி எழுதிப்போட்டு, நானு வாய மூடிக்கிட்டுச் செல்லத்தப் பாட வெச்சா, அவன் சொன்னது மெய்யின்னு ஆயிப்போகும். செல்லம், என்ன சொல்ற?”

செல்லம் பாவம் என்ன சொல்வாள்? “அவளே பாடட்டும்ண்ணா. ஆனா எனக்குப் பின்னால நிக்க முடியாது, பக்கத்துல நிப்பேன்” என்றாள். அதுவும் தீர்ப்பாயிற்று.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் பாவாயி அங்கே இல்லை. பலாமரத்தடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நான் போய்ச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தேன்.

“நோம்பி உனக்குத்தானே அம்மணி, அப்புறம் எதுக்கு அழுகை?”

“நோம்பி எப்பவும் எனக்குத்தானுங்க. மெடலுதான் இல்ல.” மூக்கைச் சிந்தினாள். “ஒரு பொய்யி சொல்லியிருக்கக் கூடாதுங்களா? எனக்கும் படிக்கத் தெரியாது, ஊருக்கும் தெரியாது. அது பாட்டுக்குக் கழுத்துல கெடந்திருக்கும்.”

“உன் மகள் படிப்பாளே.”

அவள் குழந்தையை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். “இவ படிச்சான்னா மொதல்ல உங்களத்தான் வைவா” என்றாள். ஆனால் அழுகை நின்றுவிட்டது. தட்டில் புருஷனை வைகிற அதே தொனிதான் என்பதால் எனக்கும் தைரியம் வந்தது.

மறுநாள் நோம்பியில் பாவாயி பாடினாள். ஆர்மோனியம் இல்லாமல், யாரும் துரத்தாமல், தன் வேகத்தில். செல்லம் பக்கத்தில் நின்று ஏற்றாள். எனக்கு அந்தப் பாட்டைப் பற்றி எழுதத் தெரியாது, அதனால் எழுதப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். வெளியூரிலிருந்து வந்தவரை அம்மன் பாட்டு முடிந்த பிறகு கேலி செய்து நாலடி பாடுவது அங்கே வழக்கம். பாவாயி என் முன்னால் வந்து நின்று, இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்:

மேடு ஏறி வந்தாரு, மெடலு ஒண்ணு தந்தாரு,
எழுத்துக் கூட்டிச் சொன்னாரு, எடுத்துக்கிட்டுப் போறாரு!

ஊரே ஏற்றுப் பாடியது. பட்டக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினார், சுருதி மட்டும் சேரவில்லை. எவ்வளவோ பேரை விமர்சித்தவன் நான். என்னைப் பற்றி வந்த விமர்சனங்களில் ஒரு சொல்கூட மாற்ற வேண்டியில்லாதது அது ஒன்றுதான்.

இறங்கும்போது பாவாயி ஊர் எல்லை வரைக்கும் வந்தாள். மெடல் பெட்டி என் பையில் இருந்தது. அதைப் பார்க்காத மாதிரியே பார்த்தாள்.

“ஏனுங்க, இன்னொருக்கா மெடலு செஞ்சாங்கன்னா, எழுத்து வெட்டறதுக்கு முந்தி என்னய ஒரு வார்த்தை கேக்கச் சொல்லுங்க.”

“என்ன வெட்டச் சொல்லட்டும் அம்மணி?”

அவள் யோசித்தாள். கொல்லிமலைக் குயில், கானக்கொடி என்று ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். 

“பாவாயி பாடுனான்னு வெட்டச் சொல்லுங்க. போதும்” என்றாள். பிறகு, “பாத்துப் போயிட்டு வாங்க சாமி” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

சென்னைக்கு வந்து துரையின் மேஜைமேல் பெட்டியை வைத்தேன். அவருக்கு ஒரே ஆவல். “அவளுக்குப் பிடித்ததா? ஆடினாளா?” என்றார்.

“நீங்கள் அட்டையில் போட்ட பெண்ணைத் தேடினேன். அந்த மலையில் அப்படி ஒருத்தி இல்லை” என்றேன்.

துரைக்குப் புரியவில்லை. “பிறகு தட்டில் பாடியது யார்?”

“அது பாவாயி. அவளுக்கு நாம் இன்னும் மெடல் கொடுக்கவில்லை.”

பச்சை விஷயத்தை விளக்கிச் சொன்னேன். எழுத்தை வாசித்ததையும் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. கெட்ட மனுஷர் இல்லை அவர். அவள் பாட்டைச் சீட்டியடித்துக்கொண்டேதான் ஆபீசுக்கு வருவார் என்று அவருடைய டிரைவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். தனக்குப் பிடித்தது பாட்டா, தான் மனசில் வரைந்து வைத்திருந்த காடா என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை. “வேறு என்ன பொறிப்பது?” என்று கேட்டார். பாவாயி சொன்னதைச் சொன்னேன். “அவ்வளவுதானா?” என்றார். “அவ்வளவுதான்” என்றேன். யோசிக்கலாம் என்று பெட்டியை மேஜை இழுப்பறைக்குள் தள்ளினார். அடுத்த கேட்லாக்கில் அந்தப் படம் வரவில்லை. அதற்குள் யுத்தம் வந்துவிட்டது. தட்டு செய்ய அரக்குக் கிடைக்கவில்லை, சின்னப் பாடகர்களையெல்லாம் கம்பெனி நிறுத்திவிட்டது, துரையும் சீமைக்குப் போய்விட்டார். பாவாயி பாடியது அந்த ஒரே தட்டுதான்.

ஆசிரியரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “திருத்தணும்னு தோணறதா?” என்றார். இல்லை என்றேன். அன்றைக்குத்தான் அவர் சிரித்து நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நான் உட்கார்ந்த குழுக்களிலெல்லாம் மெடலில் பொறிக்கும் வாசகத்தை நான்தான் எழுதுவேன் என்று அடம்பிடிப்பேன். திலகம், குயில், பேரொளி என்று மற்றவர்கள் பட்டியல் போடுவார்கள். நான் எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் பேரை எழுதி, பக்கத்தில் ‘பாடினார்’ என்று எழுதுவேன். கிறுக்கு என்று சிரிப்பார்கள், ஆனாலும் விட்டுக்கொடுப்பார்கள். அப்படி எழுதிய மெடல்கள் எத்தனையோ பேர் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. அந்த வாசகத்தைச் சொல்லிக்கொடுத்தவள் வீட்டில் மட்டும் இல்லை.

இப்போது கொல்லிமலைக்கு ரோடு போட்டு, பஸ் போகிறதாம். எனக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை. உங்களில் யாராவது போனால் ஆலத்தூர் நாட்டில் பாவாயி வீடு என்று கேளுங்கள். அவள் இருந்தால் அவளிடம், இல்லாவிட்டால் அந்த மகளிடம், என் மேஜைமேல் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, கொண்டுபோய்க் கொடுங்கள். உள்ளே என் சொந்தச் செலவில் செய்த மெடல். திருப்பிப் பார்த்து அந்த மகளே வாசிக்கட்டும்.